பத்துக்கு எத்தனை? கணக்கு டீச்சர் பதில்கள்

சென்ற இதழில், "அடுத்த மாதம் கேம் விமர்சனங்களைப் பற்றி மட்டும் கேளுங்கள்" என்று சொல்லி வைத்திருந்தேன். இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பள்ளிகளில் 31 வருடம் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது விட்டுச் சென்ற கம்ப்யூட்டரில் ஒரு புதிர் விளையாட்டைத் திறந்து பார்த்தேன். அன்றைக்குக் குழம்பு அடிப்பிடித்தது. அப்புறம் நிறுத்தவே இல்லை. விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு 18 வருடம் போனவள் என்பதால், யார் எதற்கு மார்க் போட்டாலும் "எந்த விடைக்குறிப்பை வைத்துப் போட்டார்?" என்று கேட்கும் வியாதி எனக்கு உண்டு. கீழே உள்ள பதில்களில் அது தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர், 10க்கு 7 வாங்கிய கேம் ஒன்றை வாங்கினேன். "ஏழுதானா? குப்பைடா" என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். பரீட்சையில் 70 எடுத்தால் யாரும் சிரிப்பதில்லையே?
– கல்லூரி மாணவர், பாலக்கோடு

தம்பி, நம்மிடம் 35 எடுத்தால் பாஸ். கணக்கில் 70 எடுத்த பையன் வீட்டில் கேசரி கிண்டுவார்கள். கேம் உலகத்து 70 நம்முடைய 40 மாதிரி. பாஸ்தான், ஆனால் யாரும் கேசரி கிண்ட மாட்டார்கள்.

இது உன் நண்பர்களின் கற்பனை இல்லை. மெட்டாக்ரிட்டிக் என்று ஒரு தளம், 2001-ல் தொடங்கியது. பல விமர்சகர்கள் போட்ட மார்க்கைத் திரட்டி 100க்கு ஓர் எண்ணாக மாற்றிக் கொடுக்கும். நல்லதற்குப் பச்சை, சுமாருக்கு மஞ்சள், மோசத்துக்குச் சிவப்பு. சினிமாப் படத்துக்கு 61 வந்தாலே அங்கே பச்சை. கேமுக்கு 75 வந்தால்தான் பச்சை. படத்துக்கு 40க்குக் கீழே போனால்தான் சிவப்பு, கேமுக்கு 50க்குக் கீழே வந்தாலே சிவப்பு. 65 எடுத்த படம் பச்சைச் சட்டையில் நிற்கும், அதே 65 எடுத்த கேம் மஞ்சள் சட்டையில் நிற்கும். ஒரே பள்ளிக்கூடம், இரண்டு பாஸ் மார்க்! கேம் பத்திரிகைகள் மார்க் போடும் விதமே அப்படி இருப்பதால்தான் இந்த ஏற்பாடு என்று அந்தத் தளமே விளக்கம் சொல்கிறது.

ஏன் இந்தத் தாராளம்? எனக்குத் தெரிந்து முக்கியமான காரணம், மோசமான கேம்கள் பெரும்பாலும் விமர்சகரின் மேசைக்கே வருவதில்லை. கம்ப்யூட்டர் கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையில் வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் புது கேம்கள் வருகின்றன. ஒரு பத்திரிகையால் அதில் சிலதைத்தான் எடுத்துப் பார்க்க முடியும். பேர் தெரிந்தது, நன்றாக இருக்கும் என்று தோன்றுவது, ஆட்கள் தேடுவது, இவைதான் எடுக்கப்படும். அரையாண்டில் தேறாதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மீதிப் பேரை மட்டும் பொதுத்தேர்வுக்கு உட்கார வைத்தால் பள்ளியின் சராசரி எங்கே போகும்? அதே கதைதான். அமெரிக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் 60க்குக் கீழே ஃபெயில் என்ற பழக்கமும் சேர்ந்திருக்கும் என்பது என் ஊகம்.

எல்லோரும் இப்படி இல்லை. எட்ஜ் என்ற பிரிட்டிஷ் பத்திரிகை 1993-லிருந்து வருகிறது. அவர்கள் 5ஐ உண்மையிலேயே நடுவாக வைக்கப் பார்ப்பவர்கள். முதல் 10ஐ 1996-ல் சூப்பர் மாரியோ 64க்குத்தான் கொடுத்தார்கள், அதாவது மூன்று வருடம் கழித்து. அந்தக் கஞ்சத்தனம் எனக்குப் பிடிக்கும். ஜப்பானில் ஃபாமிட்சு என்ற பத்திரிகை இருக்கிறது. அங்கே நான்கு பேர் தனித்தனியாக 10க்குப் போட்டு 40க்குக் கூட்டுவார்கள். முதல் 40 விழுந்தது 1998-ல், செல்டா வரிசையின் ஒக்கரினா ஆஃப் டைமுக்கு. அந்த முறையில் எனக்குப் பிடித்தது கூட்டுத்தொகை இல்லை, அதற்கு முன்னால் நிற்கும் நான்கு எண்கள். 8, 8, 8, 9 என்றாலும் 33. 10, 10, 6, 7 என்றாலும் 33. முதல் கேமை யாருக்கு வேண்டுமானாலும் வாங்கிக் கொடுக்கலாம். இரண்டாவதை, நீ அந்த 10 போட்ட ஆள் மாதிரியா, 6 போட்ட ஆள் மாதிரியா என்று தெரியாமல் வாங்கக் கூடாது. சராசரி எடுத்தவுடன் இந்த வித்தியாசம் ஆவியாகிவிடும். பத்தாம் வகுப்பிலேயே இதற்காகத்தான் திட்ட விலக்கம் சொல்லிக் கொடுத்தோம், ஞாபகம் இருக்கிறதா?

உன் 7 எந்தப் பத்திரிகையின் 7 என்று எழுதவில்லையே. எட்ஜின் 7 என்றால் நண்பர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஆடிக் காட்டு.

விமர்சகர்கள் கம்பெனியிடம் காசு வாங்கிக்கொண்டு மார்க் போடுகிறார்கள் என்று அலுவலகத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா?
– ஐ.டி. ஊழியர், ஓசூர்

கவரில் பணம் வைத்துக் கொடுப்பது சினிமாவில் வரும் காட்சி. நடப்பது அதைவிட மெல்லியது, அதனால்தான் கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

எங்கப்பா ராயக்கோட்டையில் ஒரு தக்காளி மண்டியில் கணக்கு எழுதினார். பெட்டி வந்ததும் மேல் அடுக்கைப் பார்க்கவே மாட்டார். கையை உள்ளே விட்டு அடியிலிருந்து நாலு பழம் எடுப்பார். மேலே எப்போதும் அழகான பழம்தான் இருக்கும். அதை அடுக்கியவர் யாருக்கும் லஞ்சம் கொடுக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை. எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் அவர் முடிவு செய்கிறார்.

கேம் கம்பெனியும் அடுக்குகிறது. வெளியீட்டுக்கு முன்பே விமர்சகருக்கு இலவசப் பிரதி வரும். "இந்தத் தேதி, இந்த மணிக்கு முன்னால் எழுதக் கூடாது" என்று ஒரு நிபந்தனையும் கூடவே வரும். அதற்கு எம்பார்கோ என்று பேர். அது மட்டுமே தப்பில்லை. எல்லோருக்கும் ஒரே நேரம் என்றால் அவசர அவசரமாக முந்தி எழுத வேண்டியதில்லை. ஆனால் 2014 நவம்பரில் அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி வந்தபோது, கேம் விற்பனைக்கு வந்து ஏறக்குறைய 12 மணி நேரம் கழித்துத்தான் விமர்சனம் போடலாம் என்று நிபந்தனை. ஆசைப்பட்டு முன்பதிவு செய்தவர்கள் காசு கொடுத்து, இறக்கி, கதாநாயகனின் முகத்தோல் காணாமல் போய்க் கண்ணும் பல்லும் மட்டும் அந்தரத்தில் மிதப்பதைப் பார்த்துப் பயந்த பிறகுதான் விமர்சனங்கள் வந்தன.

சைபர்பங்க் 2077 இன்னும் நல்ல பாடம். 2020 டிசம்பர் 10-ல் வெளியீடு. அதற்கு முன் விமர்சகர்கள் கைக்குப் போனது கம்ப்யூட்டர் பதிப்பு மட்டும். தாங்கள் ஆடியதைப் படம்பிடித்துக் காட்டவும் முதலில் அனுமதி இல்லை. கம்பெனி கொடுத்த காட்சிகளைத்தான் போட வேண்டும். நல்ல கம்ப்யூட்டரில் ஆடியவர்கள் நல்ல மார்க் போட்டார்கள். பொய் மார்க் இல்லை, அவர்கள் பார்த்த பெட்டியின் மேல் அடுக்கு அப்படி. சோனி கம்பெனியின் பழைய விளையாட்டு மெஷினான பிளேஸ்டேஷன் 4-ல் வாங்கியவர்களுக்குக் கேம் திக்கித் திணறியது, நின்று நின்று போனது. ஒரே வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அடுத்த வருடம் ஜூனில்தான் திரும்ப வைத்தார்கள். மெட்டாக்ரிட்டிக்கில் கம்ப்யூட்டர் பதிப்புக்கு 86, பிளேஸ்டேஷன் 4 பதிப்புக்கு 57. ஒரே கேம், ஒரே பேர், 29 மார்க் வித்தியாசம். முதல் நாள் "90 வாங்கிய கேம்" என்று கேட்டு வாங்கிய ஆளுக்கு அந்த 90 யாருடைய மெஷினின் 90 என்று யாரும் சொல்லவில்லை.

விளம்பர அழுத்தம் உண்டா என்றால், உண்டு. கேம்ஸ்பாட் தளத்தில் ஜெஃப் கெர்ஸ்ட்மன் என்ற மூத்த விமர்சகர் 2007-ல் கேன் அண்ட் லிஞ்ச் என்ற கேமுக்கு 10க்கு 6 போட்டார். அப்போது அதே தளம் முழுக்க அந்த கேமின் விளம்பரம் ஒட்டியிருந்தது. அந்த நவம்பரிலேயே அவருக்கு வேலை போனது. ஒப்பந்தக் கட்டுப்பாட்டால் அவரால் வாய் திறக்க முடியவில்லை. 2012-ல்தான், விளம்பரம் தருபவர்களின் கோபமும் அதைத் தாங்கத் தெரியாத புது நிர்வாகமும்தான் காரணம் என்று அவரே விளக்கினார். இந்தக் கதையில் நான் கவனிப்பது வேறு. அழுத்தம் வந்தது மேலே இருந்தவர்களுக்கு. மார்க் போட்டவர் வளையவில்லை, 6 என்று போட்டது 6 ஆகவே நின்றது. "எல்லோரும் விலைபோனவர்கள்" என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொன்னால் இந்த 6ஐச் சொல்லுங்கள்.

நேரடியாகவே காசு கைமாறிய கதை யூடியூப் பக்கம் இருக்கிறது. 2014-ல் வந்த ஷேடோ ஆஃப் மோர்டோர் கேமுக்காக வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் யூடியூபர்களுக்குச் சில நூறு டாலரிலிருந்து பல்லாயிரம் டாலர் வரை கொடுத்திருக்கிறது. நல்லதாகப் பேச வேண்டும், கோளாறுகளைக் காட்டக் கூடாது என்பது ஏற்பாடு. காசு வாங்கிய விஷயம், வீடியோவுக்குக் கீழே 'மேலும் காட்டு' என்பதை அமுக்கினால்தான் தெரியும் இடத்தில் இருந்தது. அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் வழக்கு எடுத்து 2016-ல் சமரசம் ஆனது. இதில் வேடிக்கை, அது நிஜமாகவே நல்ல கேம். முதல் ரேங்க் வாங்கும் பிள்ளைக்கு அப்பா போய் பிட்டு கொடுத்த மாதிரி!

நானும் ஏமாந்தேன். பெயர் சொல்ல மாட்டேன், ஒரு தமிழ்ச் சேனல். அந்தத் தம்பி பேசும் விதம் என் பழைய மாணவன் மாதிரியே இருக்கும். "அருமையான கேம்" என்றான், இறக்கினேன். மூன்றாம் நாள் ஒவ்வொரு பூட்டுக்கும் வைரம் கேட்டது, 399 ரூபாய் போனது. திரும்பப் போய்ப் பார்த்தால் விளக்கப் பெட்டியின் கடைசி வரியில் விளம்பரக் கூட்டு என்று பொடி எழுத்தில் இருந்தது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டியே போட்டிருக்கிறது: காசோ பொருளோ வாங்கிக்கொண்டு ஒன்றைப் புகழ்ந்தால், தவறவே விட முடியாதபடி தெளிவாகச் சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் நான் முதலில் கடைசி வரியைப் படிக்கிறேன். அப்பா பெட்டியில் கையை விட்ட மாதிரி.

மிஸ், 96 மார்க் வாங்கிய கேம் என்று காட்டினால் அப்பா வாங்கித் தருவாரா?
– பத்தாம் வகுப்பு, பென்னாகரம்

கேம் 96 எடுத்தது சரி கண்ணு. நீ எத்தனை என்று அப்பா திருப்பிக் கேட்பார். தயாராகப் போ.

நான் கேம் டிசைன் படிக்கிறேன். ஒரு கேம் வாங்கும் மார்க்கைப் பொறுத்து அதைச் செய்தவர்களுக்குப் போனஸ் என்று எங்கள் சார் சொன்னார். நம்பவே முடியவில்லை.
– மாணவி, கிருஷ்ணகிரி

நடந்திருக்கிறது பாப்பா. ஃபால்அவுட்: நியூ வேகஸ், 2010. செய்தது ஆப்சிடியன் என்ற ஸ்டுடியோ, வெளியிட்டது பெதஸ்டா. மெட்டாக்ரிட்டிக்கில் 85 வந்தால் போனஸ் என்பது ஒப்பந்தம். வந்தது 84. போனஸ் இல்லை. 2012-ல் அந்த ஸ்டுடியோவின் கிறிஸ் அவெலோன் வெளியே சொல்லித்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

கணக்கு டீச்சராக எனக்கு இதில் வருகிற கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அந்த 84 எப்படி வந்தது? ஒருவர் ஐந்து நட்சத்திரத்துக்குப் போடுவார், ஒருவர் 10க்கு, ஒருவர் 100க்கு, ஒருவர் ஏ, பி, சி. எல்லாவற்றையும் 100க்கு மாற்றுகிறார்கள். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் போட்டவர் மனதில் 85 இருந்திருக்கலாம், 78 இருந்திருக்கலாம். தளத்தில் அது 80 ஆகிவிடும். பிறகு சில பத்திரிகைகளுக்குக் கனம் அதிகம், சிலதுக்குக் குறைவு. யாருக்கு எவ்வளவு என்று வெளியே சொல்வதில்லை. வேறு கனம் வைத்திருந்தால் 84 என்பது 85 ஆகியிருக்கலாம், 83 ஆகியிருக்கலாம். ஒரு எண்ணுக்குள் இவ்வளவு ஆட்டம் இருக்கும்போது அதன் கடைசி இலக்கத்தில் ஒரு கூட்டத்தின் சம்பளத்தைத் தொங்க விடுவதா?

முகாமில் எனக்கு ஒரு தாள் 34 வந்தால் அப்படியே விடைத்தாள் கட்டுக்குள் வைக்க மாட்டேன். முதலிலிருந்து திருப்புவேன். ஒரு படி விட்டுப்போயிருக்கிறதா, வரைபடத்துக்கு அளவுத்திட்டம் எழுதியதற்கு மார்க் போட்டேனா என்று பார்ப்பேன். முதன்மைத் தேர்வாளரிடம் காட்டுவேன். சில தாள் 34ஆகவே நிற்கும், அதுவும் நடந்திருக்கிறது. ஆனால் யாராவது ஒருவர் திருப்பிப் பார்த்திருப்பார்கள். அந்த 84ஐத் திருப்பிப் பார்க்க ஆளே கிடையாது.

2015-ல் தொடங்கிய ஓப்பன்கிரிட்டிக் தளம் இந்த ரகசியக் கனம் வேண்டாம் என்று நேர்ச் சராசரி போடுகிறது. எனக்கு அது பரவாயில்லை என்று தோன்றும். இருந்தாலும் சராசரி சராசரிதான். பாலக்கோட்டுத் தம்பிக்குச் சொன்ன 33ஐ நினைத்துக்கொள்.

ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து ஒரு கேமுக்குப் பூஜ்யம் போடுகிறார்களே, ரிவ்யூ பாம்பிங் என்கிறார்கள். அது பொய் மார்க்தானே, தடை செய்ய வேண்டாமா?
– வாசகர், அரூர்

எதற்காகப் போட்டார்கள் என்பதைப் பொறுத்தது, சார்.

2020 ஜூனில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகம் வந்த அன்றே, சில மணி நேரத்துக்குள் மெட்டாக்ரிட்டிக்கின் வாசகர் பகுதியில் பூஜ்யங்கள் குவிந்தன. அதை ஆடி முடிக்கவே 20 மணி நேரத்துக்கு மேல் ஆகும். விடைத்தாள் கட்டைப் பிரிக்காமலே போட்ட மார்க் மாதிரி அது. அதற்குப் பிறகுதான், வெளியாகி 36 மணி நேரம் கழித்தே வாசகர்கள் மார்க் போடலாம் என்று அந்தத் தளம் விதி வைத்தது.

ஹெல்டைவர்ஸ் 2 கதை வேறு. 2024 மே மாதம், கம்ப்யூட்டரில் ஆடுபவர்களும் பிளேஸ்டேஷன் கணக்கு வைத்திருந்தால்தான் இனி ஆட முடியும் என்று சோனி அறிவித்தது. அந்தக் கணக்கே தொடங்க முடியாத நாடுகளிலும் கேமை விற்றிருந்தார்கள். காசு கொடுத்தவன் வெளியே நிற்க வேண்டிய நிலை. ஒரு வார இறுதிக்குள் ஸ்டீமில் இரண்டு லட்சத்துக்கு மேல் எதிர்ப்பு விமர்சனங்கள். சில நாளிலேயே சோனி பின்வாங்கியது.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு நிற்கும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த மனுவை மார்க்ஷீட் என்று யாரும் நினைப்பதில்லை, அதற்காக அது பொய்யும் ஆகாது. இவர்களுக்கு மனு கொடுக்க வேறு வாசல் இல்லை, மார்க் போடும் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். ஸ்டீம் ஒரு நல்ல காரியம் செய்கிறது: ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் ஆடினார் என்பதை விமர்சனத்தோடு காட்டும், எந்த நாளில் எத்தனை வந்தது என்று வரைபடமும் போடும். வரைபடத்தில் ஒரே நாளில் சுவர் மாதிரி சிவப்பு எழும்பினால் அன்றைக்கு என்ன அறிவிப்பு வந்தது என்று தேடுங்கள். 300 மணி நேரம் ஆடிவிட்டு "வேண்டாம்" என்று எழுதியவரை நான் கட்டாயம் படிப்பேன். 0.2 மணி நேரக்காரரைத் தாண்டிப் போவேன்.

பிள்ளைகள் போனில் இறக்கும் கேம்கள் எல்லாமே 4.5 நட்சத்திரம். எதை நம்புவது டீச்சர்?
– நிப்பட் கடை நடத்தும் அம்மா, காவேரிப்பட்டணம்

அம்மா, உங்கள் கடையில் சூடாக நிப்பட் எடுத்துக் கையில் கொடுத்து, முதல் கடி கடித்தவுடனே "எப்படி இருக்கு?" என்று கேட்டால் யார் குறை சொல்வார்கள்? அந்த கேம்களும் அப்படித்தான். பிள்ளை ஒரு கட்டத்தை ஜெயித்து, பட்டாசு வெடித்து, காசு கொட்டும் நொடியில் "நட்சத்திரம் போடு" என்று வந்து நிற்கும். தோற்ற நொடியில் கேட்கிற கேமை நான் இன்னும் பார்க்கவில்லை.

பிளே ஸ்டோர் 2019-லிருந்து பழைய நட்சத்திரங்களைவிடப் புதியவற்றுக்குக் கனம் அதிகம் கொடுக்கிறது. 2021 கடைசியிலிருந்து நம் நாட்டில் போட்டதை நமக்குக் காட்டுகிறது. இரண்டும் நல்ல மாற்றம்தான். அப்படியும் அந்த 4.5ஐ விட்டுவிட்டு மூன்று நட்சத்திரம் போட்டவர்களைப் படியுங்கள். ஐந்து போட்டவர் "சூப்பர்" என்று எழுதியிருப்பார், ஒன்று போட்டவர் திட்டியிருப்பார். மூன்று போட்டவர்தான் எது நல்லது, எங்கே காசு கேட்கிறது என்று உட்கார்ந்து எழுதியிருப்பார். பேருக்குக் கீழே 'விளம்பரங்கள் உண்டு', 'உள்ளே வாங்கும் வசதி உண்டு' என்று பொடியாக இருக்கும், அதையும் பாருங்கள். போனில் பணம் கட்டும் இடத்தில் பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்துவிடுங்கள். அந்த ஒன்று நட்சத்திரத்தைவிட உபயோகம்.

எல்லோர் மார்க்கையும் குறை சொல்கிறீர்கள். உங்கள் பகுதியில் நீங்கள் ஏன் மார்க்கே போடுவதில்லை? தப்பித்துக்கொள்கிறீர்களா?
– வாசகர், தர்மபுரி நான்கு ரோடு

கொஞ்சம் தப்பிப்பதுதான், ஒப்புக்கொள்கிறேன். 31 வருடம் போட்டாகிவிட்டது, கை வலிக்கிறது.

மார்க்கை விடுவதும் சுலபமில்லை. யூரோகேமர் என்ற தளம் 2015-ல் எண்களைத் தூக்கிவிட்டு, அவசியம் வாங்கு, வாங்கலாம், தவிர் என்று முத்திரை குத்தத் தொடங்கியது. 2023-ல் ஐந்து நட்சத்திரத்துக்குத் திரும்பிவிட்டார்கள். படிப்பவருக்கு ஒரே பார்வையில் ஏதாவது வேண்டியிருக்கிறது, அதில் தப்பில்லை.

என் சங்கடம் வேறு. வெண்பா என்ற கேம் 2023 ஜூலையில் வந்தது. கனடாவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்தது. 1980களில் அங்கே குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம். அம்மா தன் அம்மாவின் கறை படிந்த சமையல் குறிப்பைப் பார்த்து, அழிந்துபோன வரிகளை யோசித்துச் சமைக்கிறாள். ஆடுபவர் செய்ய வேண்டியதும் அதுதான். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் அறிமுக கேம் விருது அதற்குத்தான்.

அதில் முதல் புதிரே இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லா இட்லிக்கும் போகும்? ஓட்டை இருக்கும் இடத்துக்கு நேராக இட்லி வரும்படி மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். நான் யோசிக்கவே இல்லை, கை தானாகப் போனது. நாற்பது வருடமாகக் காலையில் செய்கிற வேலை! இட்லியே பார்க்காத ஒரு விமர்சகர் அங்கே நின்று யோசித்து, கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டிருப்பார். புதிராக அவருக்கு அது 9, எனக்கு அது 3. பிறகு மகன் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லிக்கொண்டு போகிற இடம் வந்தது. பெங்களூரில் என் பேத்தி கன்னடமும் ஆங்கிலமும் கலந்து போனில் பேசுவாள், பாதி எனக்குப் புரியாது, புரிந்த மாதிரி சிரிப்பேன். அந்த இடத்தில் கேமை நிறுத்திவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அதற்கு எத்தனை போடுவது? அந்த விமர்சகர் அங்கே எத்தனை போட்டிருப்பார்?

கணக்குத் தாளில் யார் திருத்தினாலும் விடை ஒன்று. தாளில் பேர் இருக்காது, பேரை மறைக்கப் போட்ட டம்மி எண்தான் இருக்கும், யாருடைய பிள்ளை என்று எனக்குத் தெரியாது. அதனால் அந்த மார்க் திருத்துபவரைச் சார்ந்தது இல்லை என்று சொல்ல முடிந்தது. இங்கே திருத்துபவரும் விடையில் பாதி. ஆகவே எண்ணுக்குப் பதிலாக ஒவ்வொரு முறையும் நான்கு விஷயம் எழுதுகிறேன்: நான் காசு கொடுத்து வாங்கினேனா, எந்தக் கம்ப்யூட்டரில் ஆடினேன், எத்தனை மணி நேரம், முடித்தேனா பாதியில் விட்டேனா. மீதியைப் படித்துவிட்டு, இந்தக் கிழவிக்குப் பிடித்தால் எனக்குப் பிடிக்காது என்று நீங்கள் முடிவு செய்தாலும் சரி. ஒரு வாசகர் அப்படித்தான் இரண்டு வருடமாக என் பகுதியைப் படிக்கிறார். நான் திட்டியதை எல்லாம் வாங்குகிறார், ஒருமுறைகூட ஏமாறவில்லையாம்.

டீச்சர், போன இதழில் நீங்கள் பாராட்டிய விவசாய கேமை வாங்கினேன். "என் லேப்டாப்பில் தங்குதடையில்லாமல் ஓடுகிறது" என்று எழுதியிருந்தீர்கள். என்னுடையதில் ஒவ்வொரு வயலுக்குள் நுழையும்போதும் மூன்று நிமிடம் நிற்கிறது. ராம் இரண்டு பேருக்கும் 8 ஜி.பி.தான்.
– வாசகர், ஊத்தங்கரை

என் தப்பு. ராம் அளவை எழுதினேன், போன தீபாவளிக்குப் பையன் பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு, அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. என்ற சேமிப்பகத்தைப் போட்டுக் கொடுத்ததை எழுதவில்லை. உங்களுடையது பழைய டிஸ்காகத்தான் இருக்கும், வயல் ஏறுவதற்கு அதுதான் நிற்கிறது. இந்த இதழ் 30-ம் பக்கத்தில் திருத்தம் போடச் சொல்லியிருக்கிறேன்.

ஸ்டீமில் வாங்கியிருந்தால், வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குள் என்றால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். நின்று நின்று ஏறிய நேரத்தையும் ஆடிய நேரமாகத்தான் எண்ணும், அதனால் இன்னும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டாம், நேராக விண்ணப்பியுங்கள். நாள் கடந்துவிட்டது என்றால் எழுதுங்கள். பழைய டிஸ்கை மாற்றப் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் எவ்வளவு ஆனது என்று பையனிடம் கேட்டுச் சொல்கிறேன்.